தேரில் கட்டிய எஞ்சின்

கொம்பங்குளத்துத் தேரைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். இந்தக் கதையில் அது ஒன்றுதான் நின்ற இடத்தில் நிற்கிறது. மற்றவர்களை எல்லாம் துரத்திப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும்.

முருகன் கோயில் தேர் அது. அதன் வடத்தை முதலில் தொடுவது யார் என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரு காலத்தில் தகராறு வந்தது. தகராறு வழக்காயிற்று, வழக்கு வாய்தாவாயிற்று, வக்கீல்கள் மாடி வீடு கட்டினார்கள், தேர் மட்டும் நிலையை விட்டு நகரவில்லை. சக்கரத்தைச் சுற்றி எருக்கு முளைத்தது. தேரில் செதுக்கியிருந்த தேவகன்னிகளின் கைகளில் அக்கம்பக்கத்தார் துணி காயப்போட்டார்கள். "இந்த வருஷம் தேர் ஓடும்" என்று வருஷா வருஷம் ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு தேரின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

தேரடிக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் போகிற சாலையில், இசக்கியப்பன் மேஸ்திரியின் கார் பட்டறை இருந்தது. மேஸ்திரி மகா கெட்டிக்காரர். ஒரு ஊருக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் ஆகாது என்று ஆண்டவன் நினைத்தானோ என்னவோ, அதைச் சரிக்கட்ட மூன்று பேரை அவரிடம் வேலைக்கு அனுப்பிவைத்தான். மூத்தவன் பலவேசம். எதையும் யோசிக்காமல் கெடுக்க மாட்டான். அடுத்தவன் கோமதிநாயகம். பலவேசம் யோசித்து முடிப்பதற்குள் "ஆமா" என்று சொல்லிவிடுவான். கடைசி ஆள் வண்டிமலையான். சொன்னதைச் சொன்னபடி செய்வான், அவ்வளவுதான் அவனுடைய குணமும் குற்றமும்.

ஒருதரம் மேஸ்திரி ஒரு வேனின் ஹாரனைக் காட்டி, "நான் வார வரைக்கும் இதை அடிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போனவர் அப்படியே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தார். தெருவே காதில் பஞ்சோடு பட்டறை வாசலில் கூடியிருந்தது. மலையான் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.

இந்த மலையானுக்குப் பக்கத்தில் நின்றுதான் நாம் கதையைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மற்ற இரண்டு பேருக்கும் இதில் போவதற்கு ஒன்றும் இல்லை. இவனுக்கு ஆவுடை போய்விடுவாள்.

ஆவுடை அவனுடைய மாமன் மகள். மரக்கடை குத்தாலிங்கம், மலையானின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆவுடைக்கு அத்தான் மேல் பிரியம் உண்டு. ஏன் என்று தோழிகள் கேட்டதற்கு, "அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுக்கெல்லாம் மூளை வேணும்லா" என்றாள். மலையானுக்கோ அவள் என்றால் உயிர். அவள் தெருவில் வந்தால் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவான், பெரும்பாலும் கோமதிநாயகத்தின் காலில்.

குத்தாலிங்கத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "மருமவன் நல்லவன்தான். எங்க வீட்டுப் பசுமாடும் நல்லதுதான். அதுக்காகப் பொண்ணைக் கட்டிக்குடுத்துர முடியுமா?" என்பார். தென்காசியிலிருந்து டயர்க் கடை வைத்திருக்கிற ஒருவன் வேறு பெண் கேட்டு ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான்.

நிலைமை இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் குத்தாலிங்கம் தம்முடைய பழைய டீசல் காரைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எங்கலே மேஸ்திரி?"

"கோயில்பட்டிக்குப் போயிருக்காரு மாமா. தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து" என்றான் மலையான்.

"சரியாப் போச்சு. டைமிங் பெல்ட்டு வெடிச்சிருக்கு, அறுந்தா எஞ்சினே போயிரும், உடனே கொண்டாங்கன்னு சொல்லிட்டு அவரு காதுகுத்தப் போயிட்டாரா? புது பெல்ட்டு வந்துட்டுதா?"

"வந்துட்டு மாமா."

குத்தாலிங்கம் கொஞ்ச நேரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இங்க பாரு மலையான். நாளைக்குத் தேர் ஓடுது. ரெண்டு தெருவும் சேர்ந்து முருகன் முன்னால திருவுளச்சீட்டுப் போட்டாச்சு. மேலத்தெருவுக்குத்தான் முதல் வடம். மேலத்தெருன்னா நான்தான். நான் கார்ல வந்து தேரடியில எறங்கணும். நடந்து வந்தேன்னா கீழத்தெருக்காரன் சிரிப்பான். நாளைக்கு இந்தக் கார் என்னைக் கொண்டாந்து தேரடியில எறக்கிட்டுன்னா ஆவுடை ஒனக்கு. இல்லேன்னா தென்காசிக்குச் சம்மதம்னு தாக்கல் சொல்லிருவேன்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மலையான் அப்போதே ஸ்பானரைத் தேடத் தொடங்கினான். பலவேசம் மட்டும் நிதானமாகத் தலையைச் சொறிந்தான்.

"தேர் ஓடுதாம்லா" என்றான்.

"ஆமா" என்றான் கோமதிநாயகம்.

"வருஷா வருஷம் சொல்லுதாவ. ஓடுச்சா?"

"ஆமா. ஓடல."

மலையான் மேஸ்திரிக்குப் போன் போட்டான். மேஸ்திரி விஷயத்தைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பக்கம் மேளச் சத்தம் ஓய்கிற வரை பொறுத்து, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"முதல்ல மூடியைக் கழத்து. பெல்ட்டு ஓடுத ரெண்டு சக்கரத்துலயும் மார்க் இருக்கும், நேருக்கு நேர் கொண்டாந்து வையி. அப்புறம் எஞ்சினை லாக் பண்ணணும். மேசை டிராயர்ல லாக் பின் கெடக்கு. லாக் பண்ணாம பெல்ட்டுல கை வச்சிராத. ஒரு மயிரிழை அசைஞ்சாலும் உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிடும், எஞ்சின் செத்த சவம்தான். புது பெல்ட்டை மாட்டினதும் சாவியைப் போட்டுராத. கையாலயே எஞ்சினை ரெண்டு சுத்து சுத்தணும். மார்க் பொறப்பட்ட இடத்துக்கே வந்து நிக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அப்புறம்தான் சாவி. வெளக்கு வச்ச பொறவு இந்த வேலையைத் தொடாத, காலையில செய்யி. இன்னொண்ணுலே, ரொம்ப முக்கியமான விஷயம்..."

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட மேஸ்திரியின் போன் யார் கைக்கோ போய், அங்கேயே அணைந்து போயிற்று.

மூடியைக் கழற்றினார்கள். மார்க்கை நேருக்கு நேர் வைத்தார்கள். இதெல்லாம் மூன்று பேருக்கும் நன்றாகவே வரும். ஒரு வேலையில் முக்கால் பங்கை அவர்கள் எப்போதும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள், அதனால்தான் மேஸ்திரிக்கு அவர்களை விரட்டவும் முடியவில்லை. பிறகு டிராயரைத் திறந்தார்கள். லாக் பின் இருந்தது. சுண்டுவிரல் அளவு இரும்புக் கம்பி.

பலவேசம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இதுவா?"

"இதுதான்னு சொன்னாரு" என்றான் மலையான்.

"எஞ்சின் எவ்வளவு பெரிசு! நாம மூணு பேரும் சேந்து தூக்குனாலும் அசையாது. அதை இந்தப் பல்குத்துற குச்சியா பிடிச்சு நிறுத்தும்? நல்லா யோசிச்சுப் பாரு. ஆனையைக் கட்ட அரைஞாண் கயிறா?"

"ஆமா" என்றான் கோமதிநாயகம்.

"மேஸ்திரி நம்மளைச் சோதிக்காரு. சின்னதைக் காட்டி, இவனுவோ இதை நம்புதானுவளான்னு பாக்காரு."

மலையானுக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. மேஸ்திரி சொன்னது பின்னைத்தானே என்று நினைத்தான். ஆனால் மயிரிழை அசைந்தால் எஞ்சின் சாகும், எஞ்சின் செத்தால் தென்காசி. ஒரு பல்குத்தும் குச்சியை நம்பி ஆவுடையை விட்டுவிட அவனுக்குத் தைரியம் இல்லை. பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எஞ்சின் அசைகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பலவேசம் ஒரு வழி சொன்னான். ஒரு கிளாஸ் டீயை வாங்கி எஞ்சின் மேல் வைத்தான். "டீ நடுங்குச்சுன்னா எஞ்சின் அசையுதுன்னு அர்த்தம்."

மூன்று பேரும் குனிந்து டீயைப் பார்த்தார்கள். டீ சும்மாதான் இருந்தது. அப்போது சாலையில் ஒரு பஸ் போயிற்று. டீ நடுங்கியது.

"போச்சு! பெல்ட்டைக் கழத்தியிருந்தா இந்நேரம் எஞ்சின் செத்திருக்கும்" என்றான் பலவேசம்.

மலையான் ஓடிப்போய்ச் சாலை நடுவில் நின்று அடுத்த பஸ்ஸை மறித்தான். "அண்ணாச்சி, ஒரு உதவி. எங்க பட்டறை தாண்டுத மட்டும் வண்டியைக் கொஞ்சம் பாரமில்லாம ஓட்டுங்க" என்று கும்பிட்டான். ஓட்டுநர் அவனுடைய பரம்பரையைப் பற்றிச் சில விசாரணைகள் செய்துவிட்டுப் போனார்.

பட்டறை ஆகாது என்று முடிவாயிற்று. காரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டுபோய், எஞ்சினில் கயிற்றைச் சுற்றி ஒரு வேப்பமரத்தில் கட்டினார்கள். டீயை வைத்தார்கள். காற்று அடித்தது, மரம் ஆடியது, கயிறு ஆடியது, டீ நடுங்கியது. மரத்தை வெட்டிவிடலாமா என்று கோமதிநாயகம் கேட்டான். வெட்டினால் விழும், விழுவதும் அசைவுதானே என்று பலவேசம் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆவுடை வந்தாள். அப்பா பார்த்துவிட்டு வரச் சொன்னார் என்று சாக்கு. கார் மரத்தில் கட்டியிருந்தது. மூன்று பேர் ஆறிப்போன டீயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அத்தான், காருக்குப் பால் கறக்கப்போறீயளா?"

மலையான் விவரம் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அசையாத பொருள் ஒண்ணு வேணும் ஆவுடை. இந்த ஊர்ல எல்லாமே அசையுது. நான் என்ன செய்வேன், சொல்லு."

ஆவுடைக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். "நம்ம ஊர்ல அசையாத பொருள் ஒண்ணே ஒண்ணுதான். தேர்ல கொண்டுபோய்க் கட்டுங்க" என்று கேலியாகச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போனாள். போகிற அவளை மலையான் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்பானர் கோமதிநாயகத்தின் காலில் விழுந்தது.

"என்ன மூளைவே இந்தப் பிள்ளைக்கு!" என்றான் பலவேசம்.

மூன்று பேரும் காரைத் தேரடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தேருக்கு வாழைமரமும் தோரணமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். எருக்கை எல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். தேவகன்னிகள் துணிச்சுமை இறங்கி வெறுங்கையோடு நின்றார்கள்.

"தேர் ஓடும்போலிருக்கே" என்றான் மலையான்.

"பூ வச்சா ஓடிருமா? எங்க மதினி கூடத்தான் தெனம் பூ வைக்கா. அடுப்படிக்கு ஓடியிருக்காளா?" என்று கேட்டான் பலவேசம்.

தோரணம் கட்டுகிறவர்களில் ஒருவர், கார் எதற்கு என்று விசாரித்தார்.

"குத்தாலிங்கம் மாமா காரு" என்றான் மலையான். அவன்தான் பொய் சொல்ல மாட்டானே.

"ஓ, முதல் வடக்காரர் ஏற்பாடா! பெரிய ஊர்ல எல்லாம் தேருக்குப் பின்னால எந்திரம் வச்சுத் தள்ளுவாங்க. அந்த மாதிரியா?"

"ஆமா" என்றான் கோமதிநாயகம், பழக்கதோஷத்தில்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. காருக்கும் ஒரு மாவிலைத் தோரணம் கட்டிவிட்டார்கள். எஞ்சினைச் சுற்றிய கயிற்றின் மறுமுனையைத் தேரின் பின்புறத்து இரும்பு வளையத்தில் விட்டு இழுத்தார்கள். முடிச்சு வழுக்கியது. மலையான் சட்டைப் பையைத் துழாவி அந்தப் பின்னை எடுத்து முடிச்சுக்குள் குறுக்கே செருகினான். கயிறு சிக்கென்று நின்றது. "இதுக்காவது ஒதவுச்சே" என்றான் பலவேசம். கார் தேரில் இடித்துவிடக் கூடாதே என்று நடுவில் ஒரு பழைய டயரையும் தொங்கவிட்டார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்கள். தேருக்கு வைத்திருந்த முட்டுக்கட்டைகளில் நல்லதாக இரண்டைப் பார்த்துக் காரின் சக்கரத்துக்குக் கொடுத்தார்கள். டீயை வைத்தார்கள்.

டீ நடுங்கவில்லை. ஒரு ஈ வந்து அதில் விழுந்தது, அப்போதும் நடுங்கவில்லை. மலையான் தேரைக் கையெடுத்துக் கும்பிட்டான். உள்ளே சாமி இன்னும் வரவில்லை, அதனால் என்ன.

விளக்கு வைத்துவிட்டதால் காருக்குள்ளேயே படுத்துத் தூங்கினார்கள். காலையில் கோமதிநாயகம் எஞ்சினுக்குள் ஏறிக் குந்திப் பழைய பெல்ட்டைக் கழற்றினான். அதைக் கழற்றி முடிக்கவும், முன்னால் மேளம் முழங்கவும் சரியாக இருந்தது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குத்தாலிங்கம் குளித்து, பட்டு வேட்டி கட்டி, காருக்காக வாசலில் நின்று நின்று பார்த்தார். கார் வரவில்லை. மேளம் கேட்டதும் வேறு வழி இல்லாமல் நடந்தே வந்தார். கீழத்தெருக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். பரிவட்டத்துக்குக் கீழே தலை கொதித்துக்கொண்டிருந்தது. தேருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. 'இன்னைக்கே தென்காசிக்குத் தாக்கல்' என்று நினைத்துக்கொண்டு வடத்தைப் பிடித்தார். ஊரே பின்னால் நின்று பிடித்தது.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

தேர் அசைந்தது. ஒரே ஒரு விரற்கடைதான். ஆனால் டீ தளும்பிவிட்டது.

"மலையான்! எவனோ எஞ்சினை இழுக்கான்!" என்று அலறினான் பலவேசம்.

பெல்ட் இல்லாத எஞ்சின். இப்போது அசைந்தால் எல்லாம் முடிந்தது. ஆவுடை தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது மலையான் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. "விடாதீங்கவே!" என்று கத்திக்கொண்டு காரின் பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தான். பலவேசம் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான். கோமதிநாயகம் எஞ்சினுக்குள் இருந்தபடியே எஞ்சினை இழுத்தான். வாழ்நாளில் எதையும் அப்படி இழுத்ததில்லை அவர்கள்.

முன்னால் ஊர் இழுத்தது. பின்னால் இவர்கள் இழுத்தார்கள். தேர் நின்றுவிட்டது. அத்தனை வருஷம் மண்ணில் புதைந்திருந்த சக்கரம், ஹேண்ட் பிரேக், இரண்டு முட்டுக்கட்டை, இத்தனை இருக்க, மூன்று பேர் பலத்தில்தான் தேர் நின்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மலையான் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறான்.

"மேலத்தெருக்காரன் கை வச்சான், தேர் நின்னு போச்சு. முருகனுக்கே பிடிக்கல!" என்று கீழத்தெருவில் ஒருவர் குரல் கொடுத்தார். குத்தாலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. வேட்டியை மடித்துக் கட்டுகிற ஆட்கள் இரண்டு பக்கமும் கூடினார்கள். வக்கீல்கள் நம்பிக்கையோடு எட்டிப் பார்த்தார்கள்.

பெண்கள் கூட்டத்தில் நின்ற ஆவுடைக்கு ஏதோ தட்டியது. நேற்றுச் சொன்ன கேலி ஞாபகம் வந்தது. ஓட்டமாகத் தேரைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். பார்த்தாள். தலையில் கையை வைத்தாள்.

"அத்தான்! என்ன செய்யுதீய?"

"எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்! நம்ம கல்யாணத்தையும்!"

திட்டினால் காரியம் நடக்காது என்று ஆவுடைக்குத் தெரியும். அவள் சாந்தமாகக் கேட்டாள். "அத்தான், எஞ்சினை எதுல கட்டியிருக்கீய?"

"தேர்ல."

"தேர் முன்னால போனா எஞ்சினும் கூடவே போவும்லா?"

"போவும்."

"அப்போ தேருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இடைவெளி மாறுமா?"

மலையான் யோசித்தான். "மாறாது."

"பிறவு தேரை விட்டு எஞ்சின் எங்க அசைஞ்சுது?"

மலையான் பலவேசத்தைப் பார்த்தான். பலவேசம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். அதற்குள் முன்னால் இரண்டு பேர் சட்டை கிழிந்தது.

"சரிதான்வே. தேரும் எஞ்சினும் ஒண்ணாயிட்டுது. அசைஞ்சா ரெண்டும் அசையும், அசையலேன்னா ரெண்டும் அசையாது. ஆக, அசையல" என்றான்.

"ஆமா" என்றது எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு குரல்.

முட்டுக்கட்டையை உருவினார்கள். மலையான் உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கை இறக்கினான். பானெட் திறந்திருந்ததால் அவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வழி சொல்ல ஆள் வேண்டும் என்று ஆவுடை பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அரோகரா!" என்று முன்னால் கடைசித் தம் பிடித்தார்கள். தேர் மடமடவென்று முறிகிற சத்தம் போட்டு, நிலையை விட்டு இறங்கி ஓடியது. கிழவர்கள் அழுதார்கள். கீழத்தெருக்காரர்கள் கூட அழுதுவிட்டார்கள்.

தேர் முன்னால் போக, மாவிலை கட்டிய கார் பின்னால் போயிற்று. ஆவுடை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தப் பக்கம் அத்தான், அந்தப் பக்கம் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேருக்குப் பின்னால் சாமியோடு ஏதோ வருகிறது என்று ஜனங்கள் காருக்கும் பூப் போட்டார்கள். எஞ்சினுக்குள் குந்திப் புது பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகத்திடம் தேங்காய் பழத் தட்டை நீட்டினார்கள். அவன் பெயர், நட்சத்திரம் கேட்காமலே வாங்கி, ஸ்பானரால் தேங்காயை உடைத்துத் திருப்பிக் கொடுத்தான். நெற்றியில் கிரீஸ் பூசிவிடச் சொல்லியும் சிலர் கேட்டார்கள். கார் ஜன்னல் வழியாக மஞ்சள் அரிசி விழுந்தது. ஒரு மூலையில் திரும்பும்போது ஒரு அம்மாள் உள்ளே பார்த்து, "மாப்பிள்ளையும் பொண்ணும் நல்லா இருங்க" என்று வாழ்த்தினாள். மலையானுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

நாலு தெருவும் சுற்றித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. மேலத்தெருவில் வெடி போட்டார்கள். அப்போதுதான் குத்தாலிங்கம் பின்பக்கம் வந்தார். தம்முடைய காரைப் பார்த்தார். தேரில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். மருமகனுக்குப் பக்கத்தில் தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, பெல்ட்டு மாட்டியாச்சு. எஞ்சின் மயிரிழை அசையல" என்றான் மலையான்.

"கோட்டிக்காரப் பயலே, அப்போ கிளப்பித் தொலை! இப்பவாவது ஏறி எறங்குதேன்."

"முடியாது மாமா. சாவி போடுததுக்கு முந்திக் கையாலயே ரெண்டு சுத்து சுத்தணும்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. எஞ்சின் தேர்ல லாக் ஆகியிருக்கு. தேர் சுத்துனாத்தான் எஞ்சின் சுத்துனதாக் கணக்கு. ஒரு சுத்துதான் ஆயிருக்கு."

கூட்டம் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தது. கீழத்தெருப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் சட்டென்று முகம் மலர்ந்தது. "அப்போ ரெண்டாவது சுத்துக்கு முதல் வடம் எங்களுக்கு!" என்றார்.

அதில் தப்புக் கண்டுபிடிக்க மேலத்தெருவில் யாராலும் முடியவில்லை. வக்கீல்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கீழத்தெருவுக்குப் பரிவட்டம் கட்டி, தேரை மறுபடி இழுத்தார்கள். முருகன் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த பாக்கியை ஒரே நாளில் தீர்த்துவிட்டார். கார் இரண்டாவது முறையும் தேருக்குப் பின்னால் போய் வந்தது, இந்தத் தடவை ஆவுடை தலையில் யாரோ கொடுத்த மல்லிகைப்பூவோடு.

தேர் நிலைக்கு வந்தது. மார்க்கைப் பார்த்தார்கள். வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அசைக்காத மார்க் எங்கே போகும்? மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

குத்தாலிங்கம் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் கியரைப் பின்னுக்குப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் உறுமியது. புகை வந்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே புழுதி கிளப்பியது. கார் போகவில்லை.

"பாத்தியளா மாமா, எப்படி லாக் பண்ணியிருக்கோம்னு!" என்றான் மலையான்.

"அவுத்து விடுலே!"

"அதைப் பத்தி மேஸ்திரி ஒண்ணும் சொல்லலியே மாமா."

நல்லவேளையாக அந்த நேரத்தில் மலையானின் போன் அடித்தது. கோயில்பட்டியில் காதுகுத்து வீட்டில் யார் யார் கையிலோ கிடந்த போன் அப்போதுதான் மேஸ்திரி கைக்குத் திரும்பி வந்திருந்தது.

"ஏலே மலையான், நேத்துச் சொல்ல விட்டுப்போச்சு. ரொம்ப முக்கியம். லாக் பின்னை எடுத்தியா இல்லியா? அதை எடுக்காம வண்டியை எடுத்துராத!"

"இந்தா எடுத்திருதேன் மேஸ்திரி" என்று மலையான் தேரின் வளையத்துக்குப் போய், முடிச்சில் செருகியிருந்த பின்னைப் பிடுங்கினான்.

குத்தாலிங்கத்தின் கால் அப்போதும் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. கயிறு அவிழ்ந்ததும் கார் பின்பக்கமாகப் பாய்ந்து, ஒரு வட்டம் அடித்து, அவர் பதறிக் கியரை மாற்றியதும் முன்பக்கமாகத் திரும்பி, கோமதிநாயகம் பானெட்டைப் படாரென்று மூடிவிட்டு விலகிக் குதிக்க, நாலு தெருவையும் ஒரே மூச்சில் சுற்றிக்கொண்டு புழுதியோடு மறுபடி தேரடிக்கு வந்து நின்றது. கதவு திறந்தது. பரிவட்டம் ஒரு பக்கம் சரிந்து, மாலையில் பாதி உதிர்ந்து, குத்தாலிங்கம் இறங்கினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழத்தெருவில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை.

தாம் காரில் வந்து தேரடியில் இறங்கிவிட்டோம் என்பது குத்தாலிங்கத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"எஞ்சின் பூ மாதிரி ஓடுதுலே. சொன்ன சொல் சொன்னதுதான். ஆவுடை ஒனக்கு. நாள் குறிச்சிருவோம்" என்றார்.

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஊரே அரோகரா போட்டது. மலையான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பலவேசண்ணே, மேஸ்திரி எத்தனை சுத்து சொன்னாரு?"

"ரெண்டு."

"கூடவும் கூடாதுன்னு சொன்னாருல்லா?"

"ஆமா" என்றான் கோமதிநாயகம்.

மூன்று பேரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். பலவேசம் கண்ணை மூடி யோசித்தான். பிறகு துண்டை இடுப்பில் கட்டினான். மலையான் மாமாவின் கையிலிருந்து சாவியை மரியாதையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து பிடித்தான். கூட்டத்தைப் பார்த்து, ஒரு சுத்து அதிகமாகிவிட்டது, பின்பக்கமாக ஒரு சுத்துத் தள்ளிக் குறைக்க வேண்டும், எல்லாரும் ஒரு கை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். இரண்டு தெருக்காரர்களும் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். நாதஸ்வரக்காரர், பின்பக்கமாகப் போகிற ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பதா பின்னால் நடப்பதா என்று குருக்களிடம் சந்தேகம் கேட்டார்.

"தள்ளித் தொலைங்கலே. நான் இங்கனயே நின்னுக்கிடுதேன்" என்றார் குத்தாலிங்கம்.

"அது முடியாது மாமா. சுத்தும்போது நீங்க உள்ள இருந்திய. கழிக்கும்போதும் உள்ள இருந்தாத்தான் கணக்கு சரியாவும்" என்றான் மருமகன்.